வாஷருக்கு மூன்று நிமிடம்

குழாயில் கை வைப்பதற்கு முன் அதற்குக் காது கொடுப்பார் வாஷர். ஸ்க்ரூடிரைவரின் முனையைக் குழாயின் கழுத்தில் பதித்து, மரப்பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது, யாரும் செருமக்கூடக் கூடாது. "எப்பலேர்ந்து இப்படி?" என்பார். கேள்வி வீட்டுக்காரருக்கா குழாய்க்கா என்று தெரியாது. முந்திக்கொண்டு பதில் சொல்கிறவர்களை ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்ப்பார். அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். கடைசியில், "ஒண்ணுமில்ல, தொண்டை கட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பையைத் திறப்பார்.

வயது ஐம்பத்து நான்கு. குட்டையான, அகலமான உடம்பு. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தால் இடுப்புவரைதான் உள்ளே போகும். மீதி சமையலறைத் தரையில் நீண்டு கிடக்கும். அதனால் குடியிருப்பில் பாதிப் பேருக்கு அவர் முகத்தைவிடப் பாதங்கள்தாம் நன்றாகத் தெரியும். இடது கைச் சுண்டுவிரலில் மோதிரம்போல் இரண்டு கறுப்பு ரப்பர் வளையங்கள் எப்போதும் கிடக்கும். குழாய்க்குள் உட்கார்ந்து தண்ணீரை நிறுத்தும் அந்த வளையத்தின் பெயரே அவருக்கும் பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அரசாங்கத்துக்கும் மனைவிக்கும்தான் தெரியும். மனைவியும் கோபம் தலைக்கேறினால்தான் அதை எடுப்பார்.

ஆறு பிளாக், இருநூற்றுச் சொச்சம் வீடுகள். கட்டடம் எழும்பிய நாளிலிருந்து இருபத்திரண்டு வருடமாக அத்தனைக்கும் இவர் ஒருவர்தான். அவருடைய கைபேசியில் மனிதர்களின் பெயர் கிடையாது. 'சொட்டு டீச்சர்', 'அடைப்பு டாக்டர்', 'கீசர் தம்பதி', 'ரெண்டாம் மாடி மூக்கடைப்பு' என்றுதான் இருக்கும். யாராவது இறந்துவிட்டால் 'செத்துட்டாரு' என்று சொல்ல மாட்டார். "லைன் மாறிட்டாரு" என்பார். எண்ணையும் அழிக்க மாட்டார். "அது பாட்டுக்குக் கிடக்கட்டும். தண்ணியா குடிக்குது?"

இந்த மனிதர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வார்.

குடியிருப்போர் சங்கம் நடத்தும் கூட்டம் அது. அந்த மூன்று மாதத்தில் மறைந்தவர்களைக் கூடத்தில் கூடி நினைத்துக்கொள்வார்கள். நாலு வருடத்துக்கு முன்புவரை செயலாளர்தான் வாசிப்பார். ரயில்வேயில் நேர அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர் அவர். கையில் ஒரே ஒரு தாள் வைத்திருப்பார். பெயரும் வீட்டு எண்ணும்தான் மாறும். "அன்னார் அமைதியானவர். பண்பானவர். அனைவரிடமும் அன்பாகப் பழகியவர்." ஐந்து பேர் இறந்திருந்தால் ஐந்து பேரும் அனைவரிடமும் அன்பாகப் பழகியிருப்பார்கள். கேட்பவர்கள் கொட்டாவியை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கிக்கொண்டு, தேநீர் எப்போது வரும் என்று கதவைப் பார்ப்பார்கள்.

அப்படி ஒரு கூட்டத்தன்று கூடத்தை ஒட்டிய கழிவறையில் வாஷர் குழாய் மாற்றிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரைப் பற்றிச் செயலாளர் வாசித்தார்: "பொறுமையின் சிகரம் அவர்."

"பொறுமையா? யாரு, டீச்சரம்மாவா?"

கழிவறைச் சுவர்கள் அந்தக் குரலை நாலு மடங்காக்கி அனுப்பின. கூட்டம் திரும்பியது. வாஷர் ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றார்.

"மன்னிச்சிக்கங்க சார். வாய் தவறி வந்துடுச்சு. ஆனா அந்தம்மாவுக்குப் பொறுமை இருந்திருந்தா எனக்கு அங்க வேலையே இல்ல சார். அவங்க குழாயை மூட மாட்டாங்க, காதைத் திருகுவாங்க. மாசம் ஒரு வாஷர் நசுங்கிப்போயிடும். 'ஏன் டீச்சர் இந்தத் திருகு திருகுறீங்க?'ன்னு கேட்டேன். 'முப்பத்தஞ்சு வருஷப் பழக்கம்டா, கை தானா போகுது'ன்னு சொல்லிட்டு என் காதையே பாக்குறாங்க. ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு ஓடியாந்துட்டேன் சார். பையை மறுநாள்தான் போய் எடுத்தேன்."

முன்வரிசையில் டீச்சரின் மகன் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, நரைத்த மீசை, பெரிய கம்பெனியில் பெரிய பதவி. அவர் கை மெல்ல எழுந்து தன் வலது காதைத் தொட்டது. பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கூடமே சிரித்தது. டீச்சர் இல்லை என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

தேநீர் நேரத்தில் செயலாளர் அவரை ஓரமாக அழைத்துப் போனார். "யோவ் வாஷர், அடுத்த தடவை முன்னாடியே வந்து உக்காரு. பாத்ரூம்லேர்ந்து கத்தாதே. ஆளுக்கு மூணு நிமிஷம். ஒரு செகண்ட் கூடக் கூடாது."

"சார், எனக்கு மேடையில பேசவெல்லாம் வராதே."

"நீ பேசாதே. எங்க ஒழுகுச்சுன்னு மட்டும் சொல்லு."

அன்று தொடங்கியது இந்தப் பேச்சு. வாஷர் தனக்கென்று ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்: 'நல்ல மனுஷன்' என்ற சொல்லை எடுக்கக் கூடாது. "நல்லவருன்னு சொன்னா ஆளைக் கண்டுபிடிக்க முடியாது சார். யாரு வீட்டுக் கதவைத் தட்டுறதுன்னே தெரியாது" என்பார். குளியலறையில் ஆடிக்கொண்டே குளித்து மூன்று வாளிகளை உடைத்த பல் மருத்துவரைச் சொன்னார். ஒரு மேல்வீட்டுக்காரரைப் பற்றிப் பேசும்போது, அவர் வீட்டுச் சொட்டுக்காகப் பதினோரு வருடம் சண்டை போட்ட கீழ்வீட்டுக்காரரையும் சேர்த்துச் சொன்னார். மேல்வீட்டுக்காரர் இறந்த பிறகு அந்தக் கீழ்வீட்டுக்காரரே கூப்பிட்டு, "மேல சத்தமே இல்லப்பா, ஒரு மாதிரி இருக்கு. அந்தச் சொட்டை அப்படியே விட்டுட முடியுமா?" என்று கேட்டாராம். அந்தக் கீழ்வீட்டுக்காரர் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "சொல்லித் தொலைச்சிட்டியா, பாவி!" என்று கத்திவிட்டு மூக்கைச் சிந்தினார்.

இப்போதெல்லாம் கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை. உயிரோடு இருப்பவர்களும் லேசாகத் தூண்டில் போட ஆரம்பித்துவிட்டார்கள். வேலை முடிந்து கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று, "என்னைப் பத்தி என்ன வாஷர் சொல்வே?" என்பார்கள்.

"மொதல்ல நீங்க லைன் மாறுங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

எல்லாவற்றுக்கும் ஒத்திகை வீட்டில்தான். அவர் மனைவி ஒரு கூரியர் அலுவலகத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்கிறவர். பொய் சொல்பவர்களின் குரல் ஒரு நொடியில் தெரிந்துவிடும். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பார். "இது வேணாம். அவங்க மருமக மனசு சங்கடப்படும்." "இது பரவால்ல, ஆனா ரெண்டாவது பொய்யை எடுத்துடுங்க." முதல் பொய்யை எப்போதும் மன்னித்துவிடுவார்.

*

இந்த முறை மூன்று பேர். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், மொட்டைமாடி முழுக்கச் செடி வளர்த்த அக்கா ஒருவர். இரண்டும் வாஷருக்குத் தண்ணி பட்ட பாடு. மூன்றாவது, மூன்றாம் பிளாக் எட்டாம் நம்பர் வீட்டுக்காரர். கட்டட வரைபடங்கள் போடும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று தாளில் இருந்தது.

வாஷர் கைபேசியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். எட்டாம் நம்பர் இல்லை. கண்ணை மூடி அந்த வீட்டுத் தொட்டியை நினைத்துப் பார்த்தார். தொட்டி வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சொட்டுக்கூட ஒழுகாத வீடா? அப்படி ஒரு வீடு உலகத்தில் இருக்க முடியாது. காவலாளியிடம் கேட்டார்.

"லிஃப்ட்ல ஓரமா நிப்பாரே, அவருதான்."

"ஓரமா நின்னு?"

"ஓரமாத்தான் நிப்பாரு. வேற என்ன?"

பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்து, "அமைதியானவரு" என்றார்.

"சரியாப் போச்சு. அன்னார் வந்துட்டாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார் வாஷர். செயலாளரிடம் போய் ரெண்டு பேருக்கு மட்டும்தான் தன்னால் முடியும், எட்டாம் நம்பரை அவரே வாசித்துவிட வேண்டும் என்றார். செயலாளர் முகத்தில் பழைய வெளிச்சம். "பேப்பர் ரெடியாத்தான்யா இருக்கு!"

வியாழக்கிழமை காலையில் லிஃப்ட் கதவு மூடப்போகும் நேரத்தில் ஒரு கை உள்ளே நீண்டது. எட்டாம் நம்பர் அம்மா. எழுபது வயது இருக்கும். குட்டை மனிதரான வாஷருக்கே தோள் உயரம்தான். உள்ளே வந்து, எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் நின்றார்.

"தம்பி, எங்க வீட்டுக்காரரைப் பத்தி நீங்க பேசலியாமே?"

"அம்மா, தப்பா நினைச்சிக்காதீங்க. நான் உங்க வீட்டுக்கு வந்ததே இல்ல. தெரியாதவரைப் பத்தி எதையாவது அளந்து விட்டா நல்லா இருக்காது."

"போன கூட்டத்துக்கு ரெண்டு பேரும் சேர்ந்துதான் வந்தோம். நீங்க பேசப் பேச அவரு இப்படி வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிச்சாரு. வீட்டுக்கு வந்து, 'என்னைப் பத்தி இவன் என்ன சொல்வான்?'ன்னு கேட்டாரு. தெனமும் கேட்டாரு." அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாருக்கும் சிரிச்சிட்டு, இவருக்கு மட்டும் அந்தப் பேப்பரைப் படிச்சா என்னால தாங்க முடியாது, தம்பி. அழுறதுக்கு நான் ஒருத்தி இருக்கேன். சிரிக்கறதுக்குத்தான் ஆள் வேணும்."

"நீங்களே ஒரு ரெண்டு வார்த்தை..."

"ஐயோ, மைக்கைப் பார்த்தா எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கும். நீங்க வீட்டுக்கு வாங்க. வந்து பாருங்க. ஒண்ணும் கிடைக்கலேன்னா பேப்பரே படிக்கட்டும்."

லிஃப்ட் அதுவரை நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. வாஷர் எட்டாம் நம்பர் இருந்த மூன்றாம் மாடியை அழுத்தினார்.

*

வீடு கோடு போட்டு வைத்ததுபோல் இருந்தது. மேசை, அதன் மேல் விளக்கு, சீவிய பென்சில்கள் உயர வரிசையில். சமையலறைக்குள் நுழைந்ததும் வாஷரின் கை தானாகவே குழாய்க்குப் போனது. திருகினார். வரவில்லை. இன்னும் திருகினார்.

"அந்தப் பக்கம் இல்ல தம்பி, இந்தப் பக்கம்" என்றார் அந்த அம்மா. "எங்க வீட்ல எதிர்ப்பக்கம்தான் திறக்கும்."

எதிர்ப்பக்கம் திருகினார். குழாய் ஒருமுறை விக்கியதோடு சரி.

"இருங்க, இருங்க. அதுக்கு முன்னாடி பால்கனிக் குழாயைத் திறக்கணும்." அவர் விறுவிறுவென்று போய்த் திறந்துவிட்டு வந்தார். "ஒண்ணு... ரெண்டு... இப்பத் திறங்க."

தண்ணீர் கொட்டியது. அந்த அம்மா முகத்தில் அப்படி ஒரு பெருமை, தானே கிணறு தோண்டிக் கொடுத்ததுபோல. வாஷருக்குச் சங்கதி புரிந்துவிட்டது. உள்ளே எங்கோ குழாயை மேடாக வளைத்திருக்கிறார்கள், காற்று அடைத்துக்கொள்கிறது, பால்கனி வழியாக அது வெளியேறினால்தான் இங்கே வழி கிடைக்கும். ஆனால் இப்படி ஒரு கோளாறைச் செய்ய ஒருத்தன் உட்கார்ந்து வேலை செய்திருக்க வேண்டுமே!

"யாரும்மா இதைப் பண்ணது?"

"அவருதான். எல்லாம் அவருதான். வெளியாளே வந்ததில்ல. ஞாயித்துக்கிழமையானா ஸ்பேனரை எடுத்துடுவாரு. கையில பென்சில் இருந்தா மனுஷன் கோயில் சிற்பிதான் போங்க. ஸ்பேனர் இருந்தா..." அவர் முடிக்காமல் சிரித்தார். "நான் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா அங்க குழாயை உடைச்சிட்டு வந்துடுவேன், தம்பி. எதிர்ப்பக்கமே திருகித் திருகிப் பழகிடுச்சு. 'உங்களைக் கூப்பிட்டா ஒரு குழாயும் சேர்த்து வாங்கி வைக்கணும்'பா என் தங்கச்சி."

வாஷர் தொட்டிக்குக் கீழே தலையை விட்டார். விட்டவர் அப்படியே கிடந்தார். அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. அந்த வீட்டின் அத்தனை குழாய்களும் அதில் ஓடின. மயிரிழைக் கோடுகள், அச்சுக் கோத்ததுபோல் எழுத்து, ஒவ்வொரு வளைவுக்கும் எண். தன் பிழைப்பில் அவ்வளவு அழகான குழாய் வரைபடத்தை அவர் பார்த்ததில்லை. அதற்குப் பக்கத்திலேயே நிஜக் குழாய் சணலும் சைக்கிள் டியூபுமாகச் சுற்றிக்கொண்டு, வயிற்று வலிக்காரன்போல் முறுக்கி வளைந்து கிடந்தது. வாஷர் வாய்விட்டுச் சிரித்தார். தாளின் வலது மூலையில் ஒரு கட்டம். வரைபடக்காரர்கள் வேலையின் பெயரையும், வரைபடத்தை எத்தனை முறை திருத்தினார்கள் என்பதையும் எழுதும் இடம். அதில் எழுதியிருந்தது:

பணி: எலி வேலை. திருத்தம்: 41.

கட்டத்துக்குப் பக்கத்தில், முன்னறைச் சுவர்ப் படத்தில் இருந்த வீட்டுக்காரரைப் போலவே கண்ணாடி போட்ட ஒரு சின்ன எலி, ஸ்பேனரைத் தோளில் சாத்திக்கொண்டு நின்றது.

"என்னம்மா இது, எலி வேலை?"

"நீங்க வச்ச பேருதானே, தம்பி."

"நானா?"

"நாங்க குடிவந்த முதல் வாரம். நீங்க மெயின் பைப்பைப் பாக்க வந்தீங்க. அப்பவே இவரு சிங்குக்குக் கீழ எதையோ சுத்தி வச்சிருந்தாரு. நீங்க எட்டிப் பாத்துட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சீங்க, பாருங்க! 'இது ஆளு செஞ்ச வேலையா, எலி செஞ்ச வேலையா?'ன்னு கேட்டீங்க. அவரு உங்களுக்குத்தான் டீ எடுத்துக்கிட்டுப் பின்னாடி நின்னுட்டு இருந்தாரு. டீயைக் குடுத்தாரு. நீங்க குடிச்சிட்டுப் போயிட்டீங்க. அன்னைக்கு சாயங்காலமே ஸ்பேனர் வாங்கிட்டு வந்துட்டாரு."

வாஷர் எழப் பார்த்தார். தொட்டியின் விளிம்பில் நெற்றி இடித்தது. அப்படிச் சொன்னது அவருக்குத் துளிகூட நினைவில் இல்லை. நினைவில் நிற்க என்ன இருக்கிறது? ஒரு நாளைக்குப் பத்து வீட்டில் பத்து பேச்சு. எல்லாம் சிரிப்புக்குத்தான்.

"அம்மா, கொஞ்சம் தண்ணி..."

"இதோ" என்று அந்த அம்மா பால்கனிக்குப் போனார். ஒன்று, இரண்டு என்று எண்ணும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, எதிர்ப்பக்கம் திருகி, டம்ளரை நிரப்பித் தந்தார். வாஷர் காத்திருந்து வாங்கிக் குடித்தார்.

"அவரு மனசு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்..."

"முதல் மாசம் கோவமாத்தான் இருந்தாரு. அப்புறம் இந்த எலியைப் போட ஆரம்பிச்சாரு. அதுக்கப்புறம் கோவம் எங்க போச்சுன்னே தெரியல. இருபத்திரண்டு வருஷம், தம்பி! மத்த வீட்டு ஆம்பளைங்க ஞாயித்துக்கிழமை பேப்பரை முகத்துல மூடிக்கிட்டுத் தூங்குனாங்க. இவரு சிங்குக்குக் கீழ படுத்துக்கிட்டுப் பாடுவாரு. நான் மேல உக்காந்து கதை பேசிக்கிட்டே கீரை ஆய்வேன். நீங்க மட்டும் ஒழுங்கா வாயை மூடிட்டுப் போயிருந்தா எனக்கு அதெல்லாம் கிடைச்சிருக்குமா?"

வாஷர் பையிலிருந்து ரெஞ்சை எடுத்தார். "அரை மணி நேரம் குடுங்கம்மா. எல்லாத்தையும் நேராக்கிடறேன்."

"தொட்டீங்கன்னா பாருங்க!" என்றார் அந்த அம்மா. ரெஞ்சு பைக்குள் திரும்பிப் போனது.

*

அன்று வீட்டில் ஒத்திகை நடக்கவில்லை. வாஷர் இரண்டு முறை ஆரம்பித்து இரண்டு முறையும் நிறுத்தினார். மனைவி கத்தியைக் கீழே வைத்தார்.

"என்ன, இந்தத் தடவை பொய்யே வரலியா?"

நடந்ததைச் சொன்னார். "எலின்னு நான் சொன்னதை மட்டும் விட்டுட்டுப் பேசினா என்னடி? அவரு குழாய் வேலை செஞ்சாரு, வரைபடம் போட்டாரு, முடிஞ்சுது."

"ஏங்க, ஊர்ல ஒருத்தர் விடாம எல்லார் கோணலையும் எடுத்துச் சொல்லிக் கைதட்டு வாங்குனீங்கல்ல? உங்க கோணல் வரும்போது மட்டும் அன்னார் பேப்பரா?"

"அந்த எலிப் பேச்சால தானேடி அவரு இருபத்திரண்டு வருஷம் என்னைக் கூப்பிடல. அதைக் கேட்டா ஜனங்க என்ன நினைப்பாங்க? நாளைக்கு எந்த வீட்ல என்னை நம்பி உள்ள விடுவாங்க?"

"விடாட்டி போகட்டும். வீட்லயே இருங்க, நான் உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டார். பிறகு, தலையைத் தூக்காமலே, அவருடைய உண்மைப் பெயரைச் சொல்லி, "போய்ச் சொல்லுங்க" என்றார்.

*

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நிற்க இடமில்லை. தபால்காரருக்கு மூன்று நிமிடம், செடி அக்காவுக்கு மூன்று நிமிடம். இரண்டுக்கும் நாற்காலிகள் குலுங்கின. செயலாளர் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாஷர் மைக்கை விடவில்லை.

"சார், இவரையும் நானே சொல்லிடறேன்."

எட்டாம் நம்பர் அம்மா மூன்றாவது வரிசையில் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

தொட்டிக்குக் கீழே ஒட்டியிருந்த அந்த நாற்பத்தொன்றாம் திருத்தத்தை, அந்த அம்மாவிடம் கேட்டு வாங்கி, வாஷர் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். முன்வரிசையில் கொடுத்தார். தாள் கை மாறி மாறிப் போனது. "இந்த வீட்டுக்கு நான் போனதில்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். போயிருக்கேன். ஒரே ஒரு தடவை. அவரு கையால டீ வாங்கிக் குடிச்சிருக்கேன். குடிக்கறதுக்கு முன்னாடி, அவரு செஞ்ச வேலையைப் பாத்து, 'இது ஆளு செஞ்ச வேலையா, எலி செஞ்ச வேலையா?'ன்னு கேட்டிருக்கேன். அவரு என் பின்னாடிதான் நின்னிருக்காரு."

கூடத்தில் இருந்தவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வாஷர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்.

"நான் மறந்துட்டேன். அவரு மறக்கல. மறக்காம என்ன பண்ணாருன்னு அந்தப் பேப்பர்ல மூலையில பாருங்க."

"எங்க? எங்க எலி?"

"இதோ, இங்க! அடடே, கண்ணாடி போட்டிருக்கு!"

"ஸ்பேனரைப் பாருங்க, அது உசரத்துக்கு இருக்கு!"

ஒரு சிரிப்பு வலது பக்க மூலையில் கிளம்பி, தாள் போன வழியிலேயே போனது. வாஷருக்கு மூச்சு வந்தது. குழாய் எதிர்ப்பக்கம் திறப்பதைச் சொன்னார். பால்கனிக்கு ஓடி இரண்டு எண்ணுவதைச் சொன்னார். தான் தண்ணீருக்குத் தவித்து நின்றதைச் சொன்னபோது கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. "ஓரமா நிப்பாருன்னு சொன்னீங்க. ஓரமா நின்ன மனுஷன் வீட்டுக்குள்ள ஒரு ஆத்தையே திருப்பி விட்டிருக்காரு சார்! ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் காலையில சரியா பத்து மணிக்கு ஸ்பேனரை எடுத்துக்கிட்டு..."

"பத்து இல்ல தம்பி, ஒம்போது!" மூன்றாவது வரிசையிலிருந்து குரல் வந்தது. "பத்து மணிக்கெல்லாம் ஹால்ல வெள்ளம் வந்துடும்!"

நாற்காலிகள் தட்டப்பட்டன. அந்த அம்மா, தான் பேசியது தனக்கே கேட்டதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, "வெள்ளம்னா சும்மா இல்ல. என் செருப்பு மிதந்து வாசலுக்குப் போயிடும். அதுக்கு அவரு என்ன சொல்வாரு தெரியுமா..." என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். சொல்லிக்கொண்டே வரிசையை விட்டு வெளியே வந்தார். சொல்லிக்கொண்டே நடந்து மைக்கின் முன்னால் வந்து நின்றுவிட்டார்.

மைக் அவர் நெற்றிக்கு மேலே இருந்தது. பின்னாலிருந்தவர்கள், "கேக்கல, கேக்கல!" என்றார்கள். வாஷர் ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி மேல்குழாயை இறக்கினார், இறுக்கினார். அது நிற்கவில்லை. உள்ளே மரை தேய்ந்திருந்தது; கையை எடுத்ததும் சரசரவென்று இடுப்புவரை இறங்கிவிட்டது. செயலாளர் கடிகாரத்தைக் காட்டி மூன்று விரலை உயர்த்தினார். வாஷர் வெள்ளைச் சட்டையோடு தரையில் ஒரு காலை மடித்து உட்கார்ந்தார். மைக்கை அந்த அம்மாவின் வாய்க்கு நேராக ஏற்றி, குழாயைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டார்.

அந்த அம்மா செருப்பு மிதந்ததைச் சொல்லி முடித்தார். முதல் திருத்தத்தைச் சொன்னார். வீட்டுக்காரர் தொட்டிக்கு அடியில் பாடும் பாட்டில் அவருக்கு இரண்டு வரிதான் தெரியும் என்றும், மூன்றாவது வரியை வாரம் ஒரு மாதிரி இட்டுக்கட்டுவார் என்றும் சொல்லி, அதைப் பாடியும் காட்டினார். மூன்று நிமிடம் போய், ஐந்து போய், ஒன்பதும் போனது. இடது கை மரத்துப்போனபோது வாஷர் வலது கைக்கு மாற்றினார். மைக் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.